மறுத்துப் பேசும் வரை

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆகின்றன. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்புக் காலம் ஒவ்வொன்றிலும், இந்த வருஷமாவது எழுதிவிட வேண்டும் என்று தாள் வாங்கி வைப்பேன். ஈஸ்டர் வந்துவிடும். தாளைப் பேரப்பிள்ளைகள் கப்பல் செய்து விட்டுவிடுவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். ஒரு கல்லூரி வாத்தியாரைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று ஒரு பயம். குடும்பப் பெண் அடுத்த வீட்டு ஆண்பிள்ளையைப் பற்றி எழுதினால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று இன்னொரு பயம். இந்த இரண்டையும்விடப் பெரியது, நான் அவருக்குக் கொடுத்திருந்த வாக்கு. இன்னொரு மனிதர் ஒரு வேலையில் இருக்கும் வரைக்கும் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அந்த மனிதர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊரைவிட்டே போய்விட்டார் என்று சமீபத்தில் கேள்விப்பட்டேன். ஆகையால் கர்த்தர்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். ஆட்கள் பெயர் எதுவும் சொல்லமாட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி வேலூருக்கு வந்தபோது நாங்கள் குடியிருந்தது, நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்த வீடு. ஒரு பாதியில் நாங்கள். மறு பாதியில் அந்த வாத்தியார். கிணறும் அதைச் சுற்றிய கல் தளமும் இரண்டு வீட்டுக்கும் பொது. என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். வாத்தியார் ஊரிலிருந்த கல்லூரியில் அரசியல் சாஸ்திரப் பிரிவுக்குத் தலைவர். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சார் சோளிங்கர் பக்கத்துக்காரர். மனைவி வெகு காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் கிடையாது. கல்லூரி உண்டு, புத்தகம் உண்டு, வெற்றிலைப் பெட்டி உண்டு. அவ்வளவுதான். ஆனால் அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. மற்றவர்களுக்குத் தங்கள் பேச்சை ஒத்துக்கொண்டால் சந்தோஷமாக இருக்கும். சாருக்கு, யாராவது தலையை ஆட்டினால் முகம் வாடிவிடும். யாராவது மறுத்துப் பேசினால் முகம் மலர்ந்துவிடும்.

பால்காரி ஒருத்தி இருந்தாள், வாயாடி. வாரத்தில் இரண்டு நாளாவது அவளை வம்புக்கு இழுப்பார்.

"நேத்து பால் தண்ணியா இருந்துச்சே."

"தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க நாக்கு செத்துப்போச்சு. அந்த வெத்தலைய விடுங்க மொதல்ல, அப்புறம் பாலைப் பத்திப் பேசுங்க."

சார் வாயெல்லாம் பல்லாக உள்ளே போவார். அவள் என்னிடம் வந்து, "இந்த வாத்தியாரோட பெரிய பேஜாரும்மா. நல்ல பாலுன்னு தெரிஞ்சேதான் கேக்குறாரு," என்பாள். அவளை அவர் கடைசி வரை மாற்றவில்லை. ஆனால் நல்ல வண்ணான் ஒருவனை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "வெள்ளாவி வைன்னா சரிங்குறான். வேணாம்னாலும் சரிங்குறான். அவனோட எப்படிம்மா காலம் தள்றது," என்றார்.

என்னையும் ஒரு தடவை அப்படிக் கேட்டார். நான் கிணற்றடியில் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, நீங்க ஜெபம் பண்றப்போ எல்லாத்துக்கும் சரி சரின்னுதான் சொல்வீங்களா. இல்ல, கடவுளை மறுத்தும் பேசுவீங்களா," என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். கேலி இல்லை.

"பேசியிருக்கேன் சார். என் ரெண்டாவது புள்ள போனப்போ ஒரு மாசம் சண்டைதான் போட்டேன்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறமும் அவர் உங்களை விடலையா."

"விடல சார். நானும் விடல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அன்றைக்கு அவர் முகம் எதைப் பார்த்து ஏங்கியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஜூன் மாசம் கல்லூரி திறந்ததும் சாரின் பிரிவுக்குப் புதிதாக ஒரு டியூட்டரோ இரண்டு டியூட்டரோ வருவார்கள். பி.ஏ. முடித்து, மீசை அரும்பி, சட்டைக் காலர் இன்னும் கழுத்தோடு பழகாத பையன்கள். அவர்களைப் பழக்குவது சாரின் பொறுப்பு. கல்லூரியில் இடம் இல்லை என்றோ என்னவோ, சாயங்காலத்தில் கிணற்றடிக்கு வரச் சொல்வார். ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு பாய். நாற்காலியில் புதிய ஆள் உட்கார வேண்டும். சார் பாயில் உட்காருவார். எந்தப் பையனும் முதல் நாள் உட்கார மாட்டான். நெளிவான்.

"நாளைக்கு ஒரு வகுப்பு முழுக்க உன்னையே பாக்கப் போகுது. இங்க நான் ஒருத்தன். உக்காரு," என்பார்.

வேகவைத்த வேர்க்கடலை ஒரு முறத்தில் இருக்கும். உரித்துக்கொண்டே பேசுவார்கள். நான் அடுப்படியிலிருந்து கேட்டவரைக்கும் எனக்கே அரசியல் சாஸ்திரம் கொஞ்சம் வந்துவிட்டது. "முதல் நாளே ராஜாங்கம்னா என்னன்னு ஆரம்பிக்காதே. உங்க தெருவுல குடிக்கிற தண்ணி எந்தக் கிணத்துது, அதுல யார் வாளி விடலாம், யார் விடக் கூடாது, அதை யார் சொன்னாங்கன்னு கேளு. பசங்க அவங்களாவே பாடத்துக்குள்ள வந்துடுவாங்க," என்பார். "முதல் பெஞ்சையே பாத்துப் பேசாதே. அவன் எப்படியும் படிச்சுக்குவான்," என்பார். இடையிடையே வேண்டுமென்றே கோணலாக எதையாவது சொல்லி வைப்பார். சட்டம் என்பது பலசாலி சொல்வதுதான் என்பார். ஜனங்களுக்கு ராஜா இருந்தால் போதும், யோசனை வேண்டாம் என்பார். சொல்லிவிட்டுக் கடலையை உரிக்காமல் பையன் முகத்தையே பார்ப்பார். பையன் தலையை ஆட்டுவான். சார் பெருமூச்சு விட்டுக் கடலையை உரிப்பார்.

ஏதோ ஒரு நாள் பையன் தலையை ஆட்டமாட்டான். "இல்ல சார், அது சரியில்ல," என்று தொடங்குவான். சார் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும் எழுந்து நிற்பார். அதுவரைக்கும் நீ, வா, போ என்று பேசியவர், அந்த நிமிஷத்திலிருந்து மரியாதையாகப் பேசுவார்.

"ரொம்ப சந்தோஷம். நாளையிலேருந்து நீங்க வர வேணாம். உங்களுக்கு இங்க வேலை முடிஞ்சுது."

அவ்வளவுதான். மறுநாள் வந்தால் கதவு திறக்காது. கல்லூரியில் வணக்கம் சொல்வார், வேலையைப் பற்றிப் பேசுவார். கிணற்றடி மட்டும் கிடையாது. பேரணாம்பட்டிலிருந்து வந்த முஸ்லிம் டியூட்டர் ஒருவர், நல்ல தமாஷ்காரர், வந்த வாரத்திலேயே "சார், நீங்க சொல்றது கொஞ்சம் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஒரு டப்பா நிறைய மிட்டாயோடு வந்தார். கதவு சாத்தியிருந்தது. மிட்டாயை என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, "தோஸ்த் ஆகுறதுக்குள்ள டிஸ்மிஸ் பண்ணிட்டாரும்மா," என்று சிரித்துக்கொண்டே போனார். எல்லாரும் அப்படிச் சிரித்துக்கொண்டு போகவில்லை. சிலர் மனம் நொந்து போனார்கள். திமிர் பிடித்த கிழவர் என்று சொன்னவர்களும் உண்டு.

புதிய ஆள் போன பிறகு, அடுத்த ஜூன் வரை அந்தக் கிணற்றடியில் பேச்சுக்குரல் இருக்காது. நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிடுவார். சாயங்காலம் ஒருவராக உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார். எனக்குப் பொறுக்காமல் ஒரு நாள் கேட்டேன்.

"படிச்ச புள்ளைங்க ஆசையா வர்றாங்க. வந்து பேசிட்டுப் போனா இன்னா சார் குறைஞ்சுடும்."

அன்றைக்குத்தான் சொன்னார். இங்கே வருவதற்கு முன்னால் அவர் வேறொரு ஊரில் வேலை பார்த்தாராம். அங்கே அவரோடு வேலை பார்த்த சில வாத்தியார்கள் தினமும் சாயங்காலம் அவர் வீட்டில்தானாம். "என்னை மாதிரியே பேசினாங்க. என்னை மாதிரியே வெத்தலை போட்டாங்க. ஒருத்தன் என்னை மாதிரியே இருமினான்மா. எனக்கு அது பெருமையா இருந்துச்சு. அப்புறம் நிர்வாகத்தோட எனக்கு ஒரு தகராறு. ராஜினாமா எழுதினேன். நான் எழுதிட்டேன்னு அத்தனை பேரும், இன்னா ஏதுன்னு கேக்காம, அவங்களும் எழுதிட்டாங்க. எனக்கு இங்க வேலை கெடச்சுது. அவங்கள்ல சில பேருக்குக் கெடைக்கவே இல்ல. ஒருத்தன் குடும்பத்தோட கண்டிக்குத் தோட்டக் கூலிக்குப் போனான்னு கேள்வி." வேர்க்கடலைத் தோலை ஊதினார். "ஒருத்தனாவது, சார், நீங்க செய்றது தப்புன்னு சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன். சொல்ல நான் பழக்கல. பழகினப்புறமும் இங்கயே வந்துட்டிருந்தா மறுபடி என்னை மாதிரியே ஆயிடுவாங்க."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஒரு ஜூன் மாசம் ஆம்பூரிலிருந்து ஒரு பையன் டியூட்டராக வந்தான். அவன் அப்பா தோல் ஷெட்டில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவர். தாய் கிடையாது. அவர்கள் தெருவில் கல்லூரி மேடையில் ஏறி நிற்கப்போகிற முதல் பிள்ளை அவன்தான். அவனை எல்லாரும் விரும்பினார்கள் என்று சொல்லமுடியாது. கல்லூரிக் கமிட்டியில் தோல் வியாபாரிகள் சிலர் இருந்தார்கள். தங்கள் குழியில் நிற்பவன் மகன் தங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லுவதா என்று சிலருக்கு உள்ளுக்குள் கசப்பு. ஒரு வருஷம் பார்த்த பிறகுதான் கமிட்டி வேலையை நிரந்தரம் செய்யும். இல்லையென்றால் அனுப்பிவிடும்.

பையன் முதல் நாளே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்த்து சாருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பேரணாம்பட்டு டியூட்டர் தம் கதையை அவனிடம் சொல்லிவிட்டார். மறுத்துப் பேசினால் கதவு சாத்தப்படும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் நான் தண்ணீர் சேந்திக்கொண்டிருக்கும்போது வாளியை வாங்கி இழுத்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நான் மட்டும் சாரை மறுத்துப் பேசவே மாட்டேன்."

"இன்னாத்துக்குப்பா. அதானே அவருக்கு வேணும்."

"பேசினா நாளைக்கு வரக் கூடாதுன்னுடுவாரு. எங்க வீட்ல நான் படிச்சதைப் பத்திப் பேச ஆளே இல்லக்கா. அப்பாவுக்கு நான் சொல்றதெல்லாம் பெருமையா இருக்கும், புரியாது. இங்கதான் நான் பேசுறது ஒருத்தர் காதுல ஏறுது. அதை நானே போக்கிக்கணுமா."

வாளித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். சார் என்ன கோணல் பேசினாலும், "ஆமாங்க சார், அப்படியும் சொல்லலாம்," என்றான்.

ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. மழைக்குக் கிணற்றடியில் உட்கார முடியாதபோது அவனை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்தார். அதற்கு முன் எந்த டியூட்டரும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. கடலை இரட்டிப்பாக வெந்தது. சார் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த பலகாரத்தில் பாதியை அவனுக்கென்று எடுத்து வைத்தார். பையன் மறுக்கவில்லை என்பது சாருக்குத் தெரியும். ஏன் மறுக்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் விட்டுவிட்டார். அவரும் மனிதர்தானே. தனியாக உட்கார்ந்து உரித்த கடலைக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. நான் அதைக் குற்றமாக எழுதவில்லை.

தை மாசத்தில் என் வீட்டுக்காரர் மண்டியில் கேட்ட பேச்சைக் கொண்டு வந்தார். கமிட்டிக்காரர் ஒருவர், "அந்த ஆம்பூர்ப் பையன் வாத்தியாரோட நிழல். சொந்தமா ஒரு வார்த்தை வராது. நிழலுக்கு இன்னாத்துக்குச் சம்பளம்," என்றாராம். கூட இருந்தவர்களும் ஆமாம் என்றார்களாம். கேட்டதை சாரிடமும் சொல்லிவிட்டார். சார் மிஞ்சியிருந்த கடலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் பையனிடம் நேராகவே சொன்னார். "நீ என்னை மறுத்துப் பேசணும். இல்லன்னா உன்னை வெச்சுக்க மாட்டாங்க."

"சரிங்க சார். நீங்க சொன்னா மறுத்துப் பேசுறேன்."

"அதுவும் நான் சொல்லித்தானே."

"ஆமாங்க சார்."

அடுப்படியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

வருஷா வருஷம் மாசி மாசத்தில் கல்லூரியில் ஒரு விவாதக் கூட்டம் நடக்கும். ஊர் ஜனங்களும் வரலாம் என்பதால் அன்றைக்குத் தமிழில்தான் பேசுவார்கள். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். சார் எப்போதும் தலைமை வகிப்பார், எந்தப் பக்கமும் பேசமாட்டார். அந்த வருஷம், வயது வந்த எல்லாருக்கும் ஓட்டுக் கொடுக்கலாமா என்பது விஷயம். அப்போது சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. நானும் தெருப் பெண்கள் சிலரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் மண்டி ஆட்களோடு நின்றிருந்தார். கொடுக்கலாம் என்ற பக்கம் பேச ஆம்பூர்ப் பையன் மேடையில் இருந்தான்.

சார் தலைமை நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். கொடுக்கக் கூடாது என்று நான் பேசப்போகிறேன் என்றார்.

"கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு ஓட்டு எதுக்கு. ரேகை வைக்கிற கையில ராஜாங்கத்தைக் கொடுக்கலாமா. சுண்ணாம்புக் குழியில நிக்கிறவனுக்குத் தோலைத் தெரியும். நாட்டைப் பத்தி என்ன தெரியும். அவனுக்கும் சேத்து நாம நாலு பேர் யோசிச்சாப் போதும். நாத்தத்துல பொழைக்கிறவனை நாற்காலிக்குப் பக்கத்துல கொண்டுவந்தா, நாற்காலிதான் நாறும்."

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பையன் எழுந்தான். அவன் பேசவேண்டிய முறை இன்னும் வரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"சார் சொன்னதை நான் மறுக்குறேன்," என்றான்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் முகம், பால்காரியிடம் திட்டு வாங்கும்போது மலருமே, அப்படி மலர்ந்தது. ஒரு கணம்தான்.

"எங்கப்பா கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காரு," என்றான் பையன். "அவருக்குக் கையெழுத்து வராது. தோல் குழியில எத்தனை நாள் ஊறணும்னு முதலாளி அவரைத்தான் கேக்குறாரு. அவர் சொன்ன நாள்தான் நாள். கூலி எவ்வளவு வேணும்னு மட்டும் யாரும் அவரைக் கேட்டதில்ல. அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சார் சொல்றாரு. சார் எப்பவாவது அவரைக் கேட்டாரா."

மண்டபமே திரும்பிப் பின்னால் பார்த்தது. பெரியவர் ஒருவர், வெளுத்த சட்டை, தோளில் துண்டு. தன்னை எல்லாரும் பார்க்கிறார்களே, என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து நின்றார். நின்று, மேடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மகன் மேடையில் பேசுவதைக் கேட்க ஆம்பூரிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் சாரிடம் அழைத்துப் போய்க் காட்டலாம் என்று பையன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தானாம்.

அந்தப் பெரியவர் வந்திருப்பது சாருக்குத் தெரியாது. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். மலர்ந்த அந்த முகம் என்ன ஆயிற்று என்பதை நான் பார்த்தேன். பையன் பார்க்கவில்லை. அவன் பேசிக்கொண்டே போனான். அப்படி ஒரு பேச்சை அந்த மண்டபம் அதற்கு முன் கேட்டதில்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். கமிட்டிக்காரர்களே கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தார். வந்து துண்டை உதறிப் போட்டார். "நானும் குழியில எறங்கித்தான் மேல வந்தவன். இன்னா பேச்சு பேசிட்டாரு பாத்தியா. இனிமே அந்த ஆளுக்கும் நமக்கும் ஒண்ணும் கிடையாது," என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. காலையில் சார் கிணற்றடிக்கு வந்ததும் கேட்டேன். "நெஜமாவே அப்படித்தான் நெனைக்கிறீங்களா சார்."

"ஒரு வார்த்தைகூட இல்லம்மா."

"அப்ப அந்தப் புள்ளகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா, இன்னைக்கே வந்து நாற்காலியில உக்காந்துடுவான். மறுபடியும் ஆமாங்க சார் ஆயிடுவான். நேத்து ஒரு நாள்தான் அவன் அவனா நின்னான். அதை நான் திருப்பி வாங்கக் கூடாது." கிணற்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். "வேற எதைச் சொன்னாலும் அவன் தலையைத்தான் ஆட்டுவான்னு தெரியும். அவன் அப்பாவைத் தொட்டாத்தான் ஆட்டமாட்டான்னு தெரிஞ்சுதான் பேசினேன். ஆனா அவர் அங்கயே உக்காந்திருப்பாருன்னு..."

அப்போதுதான் அந்த வாக்கை வாங்கினார். அவன் அந்த வேலையில் இருக்கும் வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது. நான், என் வீட்டுக்காரரிடம் மறைக்கமாட்டேன் என்றேன். அவரிடம் மட்டும் சொல்லுங்கள், அவரும் யாரிடமும் சொல்லாமல் இருக்கட்டும் என்றார்.

அன்று சாயங்காலமே சொன்னேன். என் வீட்டுக்காரர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார். "பொய்யாத்தான் பேசினாருன்னே வெச்சுக்கோ. அந்தப் பெரியவரு கையெடுத்துக் கும்பிட்டது நெஜந்தானே."

இதை நான் சாரிடம் போய்ச் சொன்னேன். அவரை மறுத்துப் பேசினால் மகிழ்ந்துபோவார் என்று எழுதினேன் அல்லவா. இதற்கு மட்டும் அவர் மகிழவில்லை. "உங்க வீட்டுக்காரருக்கு என்கிட்ட பதில் இல்லம்மா," என்றார்.

என் வீட்டுக்காரர் வாக்கைக் காப்பாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சாரோடு மறுபடி பேசவும் இல்லை. நான் இரண்டு பேருக்காகவும் ஜெபித்தேன். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கர்த்தர் அறிவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் ரயிலேறி ஆம்பூருக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். போன காரியம் ஆயிற்றா என்று கேட்டேன். "அந்தத் தெரு வரைக்கும் போனேன். அவர் வாசல்ல உக்காந்து மகன்கிட்ட பேசிட்டிருந்தாரு. நான் போய் மன்னிப்புக் கேட்டா அவன் ஏன் எதுக்குன்னு தோண்டிடுவான். வந்துட்டேன்," என்றார். மறுபடி போனாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் அடுத்த சில வருஷத்தில் இறந்துபோனார்.

பையனுக்கு வேலை நிரந்தரமானது சித்திரையில். லட்டு வாங்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தான். எங்கள் வாசலில்தான் நின்றான். சார் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"உள்ள வாப்பா. அவரையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயேன்," என்றேன்.

"எதுக்குக்கா. கிணத்தடியில வம்புக்குப் பேசுறது வேற, ஊர் முன்னாடி மனசுல இருக்கறதைத்தான் சொன்னாரு. எங்க அப்பாவை நாத்தம்னு சொன்னவரு வாசப்படியை நான் மிதிக்கணுமா. இத்தனை மாசம் அவரு முன்னாடி உக்காந்து, ஆமாங்க சார், ஆமாங்க சார்ன்னு சொன்னேனே, அதை நெனைச்சாத்தான் எனக்கு அசிங்கமா இருக்கு," என்றான். உரக்கத்தான் சொன்னான். உள்ளே கேட்கவேண்டும் என்றே சொன்னான்.

அவன் போன பிறகு நான் லட்டை ஒரு தட்டில் வைத்து எடுத்துப் போனேன். சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வந்திருந்தானா," என்றார்.

"ஆமா சார்."

"எனக்கு இப்பல்லாம் காது கொஞ்சம் கம்மி. குரல் கேட்டுது, வார்த்தை கேக்கல. கோவமா பேசினானா."

"ரொம்பக் கோவமா பேசினான் சார்."

"நல்லது," என்றார். லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். காது நன்றாகத்தான் கேட்கும் அவருக்கு.

பிறகு ஓய்வுபெற்றுச் சோளிங்கருக்கே போனார். அங்கே இறந்ததாகத் தகவல் வந்தது. கல்லூரியிலிருந்து யார் போனார்கள், போகவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்த ஆம்பூர்க்காரர் பெரிய பேராசிரியராகி, பல வருஷம் வேலை பார்த்து, இப்போது பிள்ளைகளோடு எங்கேயோ இருக்கிறாராம். பழைய காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ஏழைகளைக் கேவலமாகப் பேசிய ஒரு தலைவரிடம் நான் வேலை பார்த்தேன் என்று சொல்வாராம். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் காதால் கேட்டதைத்தான் சொல்கிறார்.

இதை வாசிக்கிற நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல ஒருநாள் அந்த ஆம்பூர்க்காரர் காதுக்கும் போகும். ஆனால் கூட்டிக் குறைக்காமல் சொல்லுங்கள். சார் அழுதார் என்று சேர்க்காதீர்கள், நான் பார்த்து அவர் அழுததில்லை. அவரை மகான் என்று சொல்லாதீர்கள், என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். மண்டபத்தில் சொன்னதையும் கிணற்றடியில் சொன்னதையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் சாருக்கு அநியாயம் செய்வீர்கள். இரண்டாவதை மட்டும் சொன்னால், அன்றைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாரே, அந்தப் பெரியவருக்கு.